ரெட் ஆக்சைடு

எனாமல் என்றார் டாக்டர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினோரு வருசமாக என் நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற சொல்,
டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தாலும் போகாத சொல்,
பிள்ளையின் வாய்க்குள்ளும் இருக்கிறதென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெரியாஸ்பத்திரி, பல் பிரிவு, டோக்கன் நாற்பத்தாறு.
மடியில் அழகுமீனா. மூன்றரை வயது.
மேல்வரிசையில் முன்பற்கள் நாலும்
கருப்பட்டித் துணுக்குகளாய்க் கரைந்து நின்றன.
இட்லியைப் பாலில் ஊறவைத்தால்தான் தின்பாள்.
முறுக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
நடுராத்திரியில் கன்னத்தைப் பொத்தியபடி
எழுந்து உட்கார்ந்திருப்பாள், அழாமல்.
அழாமல் இருந்ததுதான் எங்களை ஏமாற்றியது.

“பால் பாட்டிலோட தூங்குவாளா?”

தூங்குவாள் டாக்டர்.
அவனியாபுரத்தில் கிரில் வேலை முடித்து நான் வர மணி பத்து.
சுகந்தி விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து
அதற்குப் பிறகு உலை வைப்பாள்.
பிள்ளை அழுதால் கீழ்வீட்டுக்காரருக்கு ஆகாது.
இரண்டு கரண்டி சீனி போட்ட பால்
எங்கள் மூன்று பேருக்கும் தூக்க மாத்திரை.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
“ஆமா” என்று மட்டும் சொன்னேன்.

“பால்பல்லுதானப்பா, விழுந்து மொளைச்சிரும்”
மாடிப்படியில் மறித்துச் சொன்னார் ராக்கு அக்கா.
ரெட் ஆக்சைடு அடிக்காமல்
துருவின் மேலேயே பளபளவென்று பூசிய கேட்
எத்தனை மழைக்கு நிற்கும் அக்கா
என்று கேட்க வாயெடுத்தேன்.
ஊரார் கேட்டில் ஊசிமுனைத் துருவைக் கண்டுபிடிப்பவன்
என் வீட்டில் பார்க்காதவன்,
பேசாமல் படியேறினேன்.

நாலையும் எடுத்தார்கள்.
ஏ.வி. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம்
“ஆத்துல தண்ணி போகுதாப்பா” என்று கேட்பவள்
பஞ்சைக் கடித்துக்கொண்டு
அன்றைக்குக் கேட்கவில்லை.
போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம்.

சோலைக்கு முதல் பல் எட்டிப் பார்த்த அன்றைக்கே
நனைத்த துணியை விரலில் சுற்றித் துடைத்தேன்.
பிறகு பிரஷ். அதில் பேஸ்ட்
ஒரு பச்சரிசி அளவு, அவ்வளவுதான்.
சொட்டுச் சிந்தாமல் பெயிண்ட் எடுத்துப் பழகிய கைக்கு
அது சுலபமாக வந்தது.

பாட்டில் அப்படி வரவில்லை.
முதலில் சீனியை நிறுத்தினோம்.
குடித்தான், முறைத்தான், குடித்தான்.
அப்புறம் பாலைப் பொழுதோடு கொடுத்துப் பல்லைத் துடைத்து,
படுக்கையில் வெறும் தண்ணீர் மட்டும்.
ஒரு மிடறு விழுங்கிவிட்டு
பாட்டிலை என் நெற்றிக்கே வீசினான்.
அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரர்
ஒட்டடைக் கம்பால் எங்கள் தரையை இடித்தார்.
மறுநாள் அவனோடு சேர்ந்து சுகந்தியும் அழுதாள்,
“குடுத்துத் தொலைங்களேன், காலையில எனக்குக் கடை இருக்கு.”
கொடுத்திருப்பேன்.
பாயில் அழகுமீனா விழித்துக்கொண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ராத்திரி மொட்டைமாடியில்
அவனைத் தோளில் போட்டு நடந்தேன்.
விமானம் ஒன்று விளக்கைப் போட்டுத் தாழ இறங்கியது.
விசும்பலை நிறுத்தி அதைப் பார்த்தான்.
அப்படியே தூங்கிப்போனான்.

“ஈறோரம் சுண்ணாம்பு இழுத்த மாதிரி
வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதுதான் ஆரம்பம்,
அப்பவே வாங்க, சரிபண்ணிரலாம்.
கறுத்தப்புறம் வராதீங்க.”
டாக்டர் சொன்னதை
ஒரு காலி பெயிண்ட் டப்பாவின் மூடியில் எழுதி
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை.
சோலையை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து
மேலுதட்டைத் தூக்குகிறேன்.
செல்போன் டார்ச்சைப் பிடிப்பது அழகுமீனா.
முன்பல் இல்லாத வாயில் ‘ச’ வராது.
“தோலை, ஆ காட்டு. ஆடாத.”
மூக்கு அவன் மூக்கில் இடிக்கக் குனிந்து பார்க்கிறாள்,
என்னைவிட அதிக நேரம்.

“கோடு இல்லப்பா.”

நம்பாமல் நான் விரலை விட்டுத் தடவ,
கடித்தான்.
நறுக்கென்று, எலும்பு வரைக்கும்.
விரலை உதறிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன்:
எட்டுப் பல்,
எட்டும் பதிந்திருந்தது.